கண் கூசாத கருப்பு

செப்டம்பர் 3, புதன்

பூந்தி,

உன் லேப்டாப்பை நான் கெடுத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஓவியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் குளிக்கப் போயிருந்தாள். வருவதற்குள் தயாராக இருக்கட்டும் என்று நான்தான் திறந்து வைத்தேன். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்து, ‘புதுப்பிப்புகள் உள்ளன, நிறுவலாமா’ என்று கேட்டது. இங்கிலீஷில் கேட்டிருந்தால் தொட்டிருக்க மாட்டேன். தமிழில் கேட்டதும் நீயே கேட்பது போல இருந்தது. அந்தத் தமிழில் பாதி நீயும் உன் சிநேகிதர்களும் உட்கார்ந்து போட்டதுதானே. ‘சரி’யை அழுத்தினேன். கடவுச்சொல் கேட்டது. நம் பூனையின் பெயரைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது, அணைந்தது, மறுபடி எரிந்தது. எரிந்தபோது எல்லாம் வெள்ளை.

நீ வைத்திருந்த கருப்பு போய்விட்டது. எதைத் திறந்தாலும் வெள்ளை. சாவு வீட்டு வாசலில் கட்டுகிற போகஸ் லைட் மாதிரி முகத்தில் அடித்தது. ஆனி மாசத்தில் நீ கடைசியாக மூடி வைத்ததை அப்படியே வைத்திருந்தேன். தூசி துடைப்பதோடு சரி. இன்றைக்கு ஒரு சொடுக்கில் போய்விட்டது.

ஓவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“இன்னாம்மா பண்ண? ஐயோ, கண்ணு கூசுது.”

“நான் ஒண்ணும் பண்ணலடி. அதுவா கேட்டுச்சு.”

“அதுவா கேட்டா நீ குடுத்துடுவியா? அக்கா வெச்ச மாதிரியே கருப்பா வெச்சிக் குடு. இதுல என்னால எழுத முடியாது.”

வெச்சிக் குடு என்கிறாள். அஞ்சாங்கிளாஸ் படித்தவளிடம்.

இந்த டைரி முந்திரிக் கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை மாசம் காலியாகக் கிடந்தது. என்ன தொட்டேன், எங்கே தொட்டேன் என்று எழுதி வைத்தால்தான் திரும்பி வர வழி தெரியும். அதற்காக எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

லேப்டாப்பைத் திறக்கவில்லை. கொட்டை உடைத்தேன். தலைவலி. வறுக்கிற புகைதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பர்சானாவுக்கு போன் செய்தேன். விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு உன்னோடு வருவாளே, கட்டற்ற மென்பொருள் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டு திரிவீர்களே, அவளுக்குத்தான். உன் காரியத்துக்கு வந்து, ‘திவ்யா, திவ்யா’ என்று உன் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லி வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனவள். எடுத்ததும் “அம்மா” என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

“கெடலம்மா. தீம் மாறிப் போச்சு, அவ்ளோதான். சட்ட மாத்துற மாதிரி. உள்ள இருக்கிற ஆளு அதே ஆளுதான்.”

“அவ போட்ட சட்டையே வேணும்டி எனக்கு.”

“சரி, போட்டுடலாம். அமைப்புகள்னு இருக்கா பாருங்க. அதுல தோற்றம். அதுல இருண்டது.”

இருந்தது. எல்லாம் தமிழில் இருந்தது. ஆனால் விரலை வைத்துத் தேய்த்தால் அம்பு நகரவில்லை. முந்திரி ஓட்டுப் பால் அரித்த விரல் அல்லவா, ரேகையே கிடையாது. தொடுகிறேன் என்று அதற்கு உறைக்கவே இல்லை. கடைசியில் உன் எலியைத் தேடி எடுத்துச் சொருகினேன். அது நகர்ந்தது.

இருண்டது என்ற கட்டத்தை அழுத்தினேன். சுற்றி இருந்த சட்டம் கருப்பானது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு எழுதுகிற செயலியைத் திறந்தேன். வெள்ளை. படம் வரைகிறதைத் திறந்தேன், அது ஒரு மாதிரிச் சாம்பல். பாட்டுக் கேட்கிறது மட்டும் கருப்பு.

“ஒண்ணு கேட்டா ஒண்ணு கேக்கலயே பர்சானா.”

“அதெல்லாம் ஒரே ஆளு செஞ்சதில்லம்மா. ஒண்ணொண்ணும் ஒவ்வொரு ஊர்ல யார் யாரோ சேர்ந்து சும்மா எழுதிக் குடுத்தது. ஒரு வீடு முழுக்க ஒரே சுவிச்சுன்னு கிடையாது. ரூமு ரூமாப் போயி அணைக்கணும்.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் புரிந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

ஒன்று எழுத வேண்டும் என்று நேற்றே நினைத்தேன். எழுதவில்லை.

உன்னைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, டாக்டரம்மா என்னை நடையில் நிறுத்தினாள். சின்ன வயசுக்காரிதான், கண் கலங்கியிருந்தாள். “மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிடுச்சு. பொறப்புலேர்ந்தே அங்க ஒரு முடிச்சு இருந்திருக்கு. சில குடும்பத்துல இது கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கும். சின்னவளுக்கும் ஒரு தடவ தலையப் படம் எடுத்துப் பாத்துடுங்க” என்றாள்.

நான் தலையாட்டினேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. ஓவியிடமும் சொல்லவில்லை. இத்தனை நாளும் சொல்லவில்லை.

எடுத்துப் பார்த்தால் இருந்துவிடுமோ என்று இருக்கிறது. பார்க்காதவரை அது இல்லை.

கத்தரிக்காய் வாங்கினேன், எல்லாம் சொத்தை.

செப்டம்பர் 10, புதன்

உலாவி கருப்பாகிவிட்டது. கோப்புகள் பார்க்கிறது கருப்பாகிவிட்டது. கணக்குப் போடுகிறதற்கு மூன்று இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது. படம் வரைகிறதில் பொத்தானெல்லாம் காணாமல் போய்விட்டது, கருப்பு மேல் கருப்புப் படம். பர்சானா சொன்னபடி பொத்தான்களை வெளிர் நிறத்துக்கு மாற்றினேன். வந்துவிட்டன.

கம்பெனியில் கொட்டை உடைத்துக்கொண்டே இதைச் சொன்னேன். உன் பச்சையம்மா அத்தைக்குக் கேட்கவா வேண்டும்.

“ஏண்டி விருதாம்பா, நாம நாளெல்லாம் கருப்ப உடச்சி வெள்ளய எடுக்கிறோம். நீ ராவுக்குப் போயி வெள்ளயக் கருப்பாக்குறியா? கூலி யாருடி குடுக்கிறா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பூந்தி. நீ போன பிறகு முதல் தடவை. சிரித்ததும் பயமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் ஓவி கூடத்தில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கரண்ட் மிச்சம் என்றாள். நானும் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். இருட்டு நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 13, சனி

எழுத்தெல்லாம் போய்விட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று சொல்கிறேன்.

எழுதுகிற செயலி மட்டும்தான் பாக்கி இருந்தது. அமைப்பில் போய்ப் பக்கத்தின் நிறத்தையும் கருப்பாக்கினேன். சரியாக வந்தது. சரி, நீ வைத்தது போலவே ஆகிவிட்டது என்று சந்தோஷத்தில் ‘ஓவி’ என்று பெயர் போட்டிருந்த கோப்பைத் திறந்தேன். தங்கச்சிக்கு இயற்பியல் பாடமெல்லாம் உன் பேச்சிலேயே எழுதி வைத்திருக்கிறாயே, அது. இந்தப் பத்து நாளாக ஓவி தினமும் அதைத்தான் படிக்கிறாள். பாடத்துக்காக மட்டும் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

திறந்தால் ஒன்றும் இல்லை. கரும்பலகையைத் துடைத்த மாதிரி. கீழே தள்ளினேன். பக்கம் பக்கமாகப் போனது, எல்லாம் கருப்பு. ஒரு எழுத்து இல்லை.

மூடினால் அப்படியே நின்றுவிடுமோ என்று மூடவில்லை. அணைக்கவில்லை. ஒயரைச் சொருகி, திறந்தபடியே விட்டு, மேலே முறத்தைக் கவிழ்த்து வைத்தேன். உள்ளே விளக்கு எரிகிறதா என்று அடிக்கடி தூக்கிப் பார்த்தேன். எரிகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்த மிஷினை நான் பார்த்துக்கொண்டே இருந்தது போல.

ஓவி முறத்தைப் பார்த்தாள்.

“என்னம்மா, லேப்டாப்புக்குக் கோழி மாதிரி கூடை போட்டு வெச்சிருக்க?”

“ரிப்பேர். தொடாத.”

“அக்காவோட நோட்ஸு?”

“இருக்கு, இருக்கு. நாளைக்கிப் படி.”

அவள் அறைக்குள் போய்ப் படுத்தாள். பட்டப்பகல். துப்பட்டாவைக் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்தாள். அழுகையை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

பர்சானாவுக்கு இரண்டு தடவை எண்ணைப் போட்டுவிட்டு, அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். போய்விட்டது என்று அவள் சொல்லிவிட்டால்?

செப்டம்பர் 15, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. பர்சானாவே கூப்பிட்டாள்.

சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அம்மா, அழாதீங்க. முறத்த எடுங்க. கன்ட்ரோல்னு ஒரு பொத்தான் இருக்கும், அத ஒரு விரலால அமுக்கிப் பிடிங்க. இன்னொரு விரலால ஏ. பொறுமையா.”

அழுத்தினேன்.

பூந்தி, மொத்தமும் எழுந்து வந்தது. நீலப் பட்டை பட்டையாக, அதற்குள் எழுத்து. முதல் வரி: ‘ஓவி, முதல் பாடம், பயப்படாத.’ நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“தெரியுதாம்மா? எங்கயும் போகல. கருப்பு எழுத்து, கருப்புத் தாளு. அதான் கண்ணுக்குத் தெரியல. தெரியலன்னா இல்லன்னு அர்த்தமில்ல.”

நான் எழுந்து முறத்தைச் சுவரில் மாட்டினேன்.

அவள் எழுத்தின் நிறத்தை ‘தானியங்கு’ என்று மாற்றச் சொன்னாள். மாற்றியதும் எல்லாம் வெள்ளை எழுத்தாகி நின்றது. அப்போது எனக்கு ஒரு சந்தேகம். “அவளும் கருப்புலதானே வெச்சிருந்தா. அவளுக்கு மட்டும் எப்புடித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“இத எழுதினப்ப அவ கருப்புல வெக்கலம்மா. வெள்ளதான் வெச்சிருந்தா. எழுதி முடிச்சப்புறம் அவ இதத் தொறந்திருக்கவே மாட்டா. கருப்புக்கு மாறினதே பின்னாடிதானே.”

“பின்னாடியா? மொதல்லேர்ந்தே அவளுக்குக் கருப்புதானே புடிக்கும்?”

“யாருக்கு, திவ்யாவுக்கா? நீங்க வேற. எங்களத்தான் கேலி பண்ணிக்கிட்டே இருப்பா. ‘ஏண்டி, திருட வந்தவங்க மாதிரி இருட்டுல உக்காந்திருக்கீங்க’ன்னு. அப்புறம் திடீர்னு ஒரு நாள் அவளே எல்லாத்தையும் மாத்தினா. ஒண்ணு விடாம. ‘கண்ணு கூசுதுடி, பின்மண்ட இடிக்குது, வெள்ளயப் பாத்தா வாந்தி வருது’ன்னா. நாங்க கண்ணாடி போடுடின்னு சொன்னோம்…”

அவள் பேச்சு பாதியில் நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

போனை வைத்துவிட்டு இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன். மூன்றாம் தேதி. ‘ஐயோ, கண்ணு கூசுது.’ என் கையெழுத்துதான். பத்தாம் தேதி, டியூப்லைட். நேற்று, துப்பட்டா. எல்லாம் நான்தான் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வாசல் வெயிலுக்கு வந்ததும் ஒரு கண்ணைச் சுருக்கினாள். தோசையில் பாதியை வைத்துவிட்டாள். சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, நேராகக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு உள்ளே வேறு சத்தம் கேட்டது. வெளியே வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, “என்னம்மா இப்புடிப் பாக்கற?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

கேட்க வாய் வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

கேட்டேன்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். நேராகப் பார்த்துக் கேட்க முடியவில்லை.

“ஓவி, தல வலிக்குதா உனக்கு?”

“எல்லாருக்கும்தான் வலிக்கும்.”

“வெளிச்சத்தப் பாத்தா?”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, “அக்கா மாதிரி இருக்கட்டும்னுதான் கருப்பு கேட்டன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “பாதி அதுக்குதான்” என்றாள்.

“மீதி?”

“மீதி வலிக்குது.”

“ஏண்டி சொல்லல?”

“சொன்னா நீ செத்துப் போயிடுவ. ஏற்கெனவே பாதி செத்துதான் இருக்க.”

அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையால் அவள் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அழுத்திப் பிடிக்கவும் பயம். உள்ளே என்ன இருக்கிறதோ.

உன் அப்பாவுக்கு போன் செய்தேன். நாக்பூர் தாண்டி லோடோடு போய்க்கொண்டிருந்தார். டாக்டரம்மா சொன்னதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். லாரி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “நாளைக்கே கூட்டிம்போ. நான் வண்டிய யார்கிட்டயாவது குடுத்துட்டு வரன்” என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

அதே ஆஸ்பத்திரி. அதே நடை. உன்னைத் தள்ளிக்கொண்டு போன பக்கம் நான் திரும்பவில்லை.

படம் எடுக்க திங்கட்கிழமை வரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். அதுவரை ஓவியை பஸ்ஸில் ஏற்ற, இறக்க, கிணற்றடிக்கு விட எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. அவள் தும்மினால் ஓடிப்போய்த் தலையைப் பிடிக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

தூங்குகிறாளா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். “இருக்கன்மா, போய்ப் படு” என்றாள்.

செப்டம்பர் 22, திங்கள்

படம் எடுத்தார்கள். பெரிய வட்டமாக ஒரு மிஷின், நடுவில் ஓட்டை. காதுக்கம்மலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். உன் கம்மல்தான். “அம்மா, உள்ள இருட்டாதான் இருக்கும். அக்கா தீம்” என்று சிரித்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியில் இருந்தே கேட்டது, இரும்புப் பட்டறையில் அடிப்பது போல. கம்மலை அழுத்தியதில் உள்ளங்கையில் குத்தியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

உன் அப்பா விடியற்காலையிலேயே வந்துவிட்டார். நடையில் பெஞ்சில் உட்கார்ந்தார். என் துண்டை வாங்கி அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

டாக்டரம்மா அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையைக் காட்டினாள். கருப்பில் வெள்ளையாக ஓவியின் தலை. அதில் ஓரிடத்தில் பேனா முனையை வைத்தாள்.

“சின்னதா ஒண்ணு இருக்கும்மா. வெடிக்கல. நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க.”

ஓவி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பிடிப்பது போல.

“சரி பண்ண முடியுமா?” உன் அப்பா கேட்டார்.

“முடியும். எப்பன்னுதான் முடிவு பண்ணணும். தலைக்குள்ள கைய வெக்கறதுல அதுக்குன்னு ஆபத்து இருக்கு. கொஞ்ச நாள் மருந்து குடுத்துப் பொறுத்துப் பாக்கலாம். பொறுக்கவும் பயமா இருக்கு. பெரிய பொண்ணுக்கு எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும். அவளுக்கு முதல்ல கண்ணு கூச ஆரம்பிச்சது எப்ப?”

உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“தெரியலம்மா.”

“தோராயமா? வருஷக் கணக்கா, மாசக் கணக்கா?”

“எங்கிட்ட சொல்லல.”

“விசாரிச்சு சொல்லுங்க. திங்கக்கிழமை பெரிய டாக்டர் வர்றாரு.” பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்குத் தலவலி ஏதாவது வருமா?” என்றாள்.

“முந்திரி வறுக்கிற புகைம்மா. வேற ஒண்ணுமில்ல.”

அவள் ஏதோ எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பர்சானாவுக்கு அடித்தேன். அவளுக்கும் சரியாக ஞாபகம் இல்லை. மழை பெய்த நாள் என்றாள், பிறகு இல்லை, மாங்காய் தின்றோம் என்றாள். இன்னொருத்தியைக் கேட்டாள், அவள் வேறு சொன்னாள். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது.

“லேப்டாப்புலயே இருக்காதாடி? அவ எல்லாத்தையும் கருப்பா மாத்தின தேதி?”

“இருக்கும்மா! அமைப்பு எல்லாம் ஒரு கோப்புலதான் இருக்கும். கடைசியா மாத்தின தேதி அதுல விழுந்திருக்கும். வீட்டுக்குப் போயி கூப்பிடுங்க.”

பஸ்ஸில் ஓவி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அவள் கண்ணுக்கு வெயில் படாமல் கையை வைத்துக்கொண்டே வந்தேன்.

வந்ததும் திறந்தேன். எல்லாம் கருப்பு, நீ வைத்தது போலவே, ஒரு அறை விடாமல். பர்சானா சொல்லச் சொல்ல உள்ளே உள்ளே போனேன். மறைந்திருக்கிற கோப்புகளைக் காட்டு என்று ஒரு கட்டம், அதையும் அழுத்தினேன். ஒவ்வொன்றாகத் தேதியைப் படித்துச் சொன்னேன்.

செப்டம்பர் 7. செப்டம்பர் 10. செப்டம்பர் 10. செப்டம்பர் 13.

போனைக் காதோடு அழுத்தினேன்.

“பர்சானா?”

“அம்மா… இது நீங்க மாத்தின தேதிம்மா. நாமதான் மாத்தினோம். பழைய தேதி மேல விழுந்துடுச்சு.”

“பழசு எங்கயாவது அடியில இருக்குமா? அந்த கன்ட்ரோல், ஏ?”

“இருக்காதும்மா.”

ஓவி உள்ளே படுத்திருக்கிறாள். உன் அப்பா அவள் கட்டிலடியில் தரையில் படுத்திருக்கிறார். திங்கட்கிழமை அந்தப் பெரிய டாக்டர் கேட்பார். நான் என்ன சொல்ல? நான் உன்னோடு ஒரே கூரையில்தான் இருந்தேன். சோறு போட்டேன், தலை பின்னினேன். நீ விளக்கை அணைத்தபோதெல்லாம் கரண்ட் மிச்சம் என்று நினைத்தேன்.

தங்கச்சிக்காகக் கேட்கிறேன், பூந்தி. உனக்கு எப்போதிலிருந்து வெளிச்சம் வலித்தது?